பூங்கொடியை எந்த ஊரில் எழுதுவது?

"என்னைய இங்கன எழுதாதீக."

உள்ளறையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் மருத்துவர் எசுத்தரின் எழுதுகோல் நின்றது. முற்பகல் நேரம். ஆடிக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து தகரக் கூரையை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. அடுக்களையில் கொள்ளு வேகும் மணம். நார்க்கட்டிலில் சுவரைப் பார்த்தவாறு படுத்திருந்தவள் என் தம்பி தங்கராசுவின் மகள் பூங்கொடி. அவளுடைய பாதங்கள் வீங்கிப் பளபளத்தன.

"ஏத்தா, சும்மா கெட," என்றான் தம்பி. "நீங்க எழுதுங்க டாக்டரம்மா. இந்த வீட்டுல சீக்காளி ஒரு ஆளு."

"எம்புட்டு நாளா இங்கன இருக்கீங்கம்மா?" என்று எசுத்தர் அவளையே கேட்டார்.

"விருந்துக்கு வந்திருக்கேன்."

"விருந்துக்கு வந்தவதான் போன பொங்கலையும் இங்கன வச்சியா?" என்றான் தம்பி. அவன் கடுமையாகப் பேசவில்லை. ஆயினும் அவள் திரும்பிப் படுத்து, எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"எழுதுனா ஆத்துப்பட்டியில எழுதுங்க. நோவு எனக்கு அங்கன வந்தது. ஆளைக் கொண்டாந்ததுதான் இங்கன."

கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த நாள்களைப் பற்றி இத்தொடரில் சென்ற கிழமை எழுதிக்கொண்டிருந்தேன். முறைப்படி இந்தக் கிழமை என் முதல் மாணவியரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். அவர்கள் சற்றுக் காத்திருக்கட்டும். அண்மையில் நடந்த ஒன்று, பழைய நினைவுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நிற்கிறது.

இரண்டு ஊர்கள்

ஊர்களின் உண்மைப் பெயர்களை எழுதப்போவதில்லை. ஏற்கெனவே என் ஊர்ப் பெயரைச் சொன்னால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். மலையடியில் மானாவாரி நிலங்களுக்கு நடுவே இருக்கும் என் பிறந்த ஊரை மேட்டுப்பட்டி என்றும், முல்லையாற்றங்கரையில் திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த பூங்கொடியின் புகுந்த ஊரை ஆற்றுப்பட்டி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணந்தான் தொலைவு.

கம்பம் பள்ளத்தாக்கில் சிறுநீரகம் பழுதானவர்கள் பெருகிவருகிறார்கள் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே இருந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும், குருதி அழுத்தம் இல்லாதவர்களுக்கும், முப்பது வயதுப் பெண்களுக்கும் வந்தது. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை. பேச்சு கணக்காக வேண்டுமென்று ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சமூக மருத்துவம் படித்த எசுத்தர் அதன் களப்பணியைக் கவனித்தார். தேனிக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். என்னைவிட இருபது வயது இளையவர். கூட்டல் கழித்தலில் ஐயம் வந்தால் கேட்பதற்கென்று, ஓய்விலிருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்.

வடவெழுத்தைத் தவிர்த்து அவர் பெயரை நான் எழுதும் விதத்தைப் பார்த்து, "மேடம், இப்படி எழுதுனா எங்க அப்பாவே என்னைய அடையாளம் கண்டுக்க மாட்டாரு," என்று சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்தது அந்த ஆய்வின் தொடக்க நாள்களில்தான்.

கண்மாயும் மடையும்

ஒரு நோயை அளப்பதற்கு இருவகைக் கணக்குகள் உண்டு. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே போக இயலாது.

இன்றைக்குக் கண்மாயில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒன்று. இந்த ஆண்டு மடை வழியே புதிதாக எவ்வளவு நீர் வந்தது என்பது மற்றொன்று. ஊரில் இப்போது எத்தனை நோயாளிகள் என்பது முதற்கணக்கு. நலமாக இருந்தவர்களுள் ஓராண்டில் எத்தனை பேர் புதிதாக நோயுற்றனர் என்பது இரண்டாவது. அதை நிகழ்வு வீதம் என்போம். நோய் எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டக்கூடியது இரண்டாவது கணக்குதான்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மனிதர் எங்கே நலமாக இருந்தாரோ அந்த ஊர்க் கணக்கில்தான் அவருடைய நோய் சேர வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் இதை விளக்குவது எளிது. முல்லையாற்றில் ஓடும் நீர் மலைக்கு அப்பால் பெய்த மழை. ஆறு கம்பத்தில் ஓடுகிறது என்பதற்காக, அவ்வளவு மழையும் கம்பத்தில் பெய்ததாக எவரும் எழுதமாட்டார்கள்.

மனிதர்களுக்கு மட்டும் அப்படி எழுதினார்கள்.

தலை கிடந்த ஊர்

என் தந்தையார் கர்ணமாக இருந்தார். அக்காலத்தில் பிறப்பு இறப்புகளையும் அவர்தாம் பதிந்தார். வாந்திபேதி வந்த ஒரு கோடையில், வெளியூர் வண்டிக்காரர் ஒருவர் இரண்டு ஊர்களின் எல்லையில், வாய்க்கால் ஓரத்தில் இறந்துகிடந்தார். எங்கள் ஊரில் சாவு என்று பதிந்தால் மருந்து தெளிக்க ஆள் வருவார்கள், சந்தையை மூடுவார்கள். ஆகவே இரண்டு ஊராரும் அவரை ஏற்க மறுத்தனர்.

"கால் ரெண்டும் உங்க எல்லையிலதான கெடக்கு?" என்றனர் எங்கள் ஊரார்.

"காலை வச்சா ஆளு? தலையைப் பாருங்கய்யா, உங்க பக்கம்," என்றனர் எதிர்ப்பக்கத்தார்.

தந்தையார், தலை கிடந்த ஊரே அவர் ஊர் என்று தீர்த்தார். அன்று அனைவரும் அதை நல்ல தீர்ப்பென்றார்கள். அவர் எந்த ஊரில் நீர் குடித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறுமியாக இருந்த நானும் அதை நகைச்சுவையாகவே நெடுங்காலம் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை.

தாய்வீட்டு வழக்கம்

எங்கள் பக்கத்தில் மணமான பெண் நெடுநாள் நோயில் விழுந்தால் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போவார்கள். மகப்பேற்றுக்கு அழைப்பதைப் போன்றே இதுவும். இதைக் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. புகுந்த வீட்டில் மருமகள் பகலில் படுத்துக்கிடந்தால் அவளுக்கே கூச்சம். தாய் பார்ப்பது போல வருமா என்பது அனைவருடைய எண்ணமும். அண்ணனோ தந்தையோ வண்டியோடு வருவார்கள். அவள் நான்கு சேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வாள். மற்றவை புகுந்த வீட்டு அலமாரியிலேயே இருக்கும், திரும்பி வருவாள் என்பதற்கு அடையாளமாக. பிள்ளைகளும் அங்கேயே இருப்பார்கள்.

ஆய்வின் விதியோ, ஆறு மாதத்துக்கு மேல் எந்த வீட்டில் தங்கியிருக்கிறாரோ அந்த ஊராராகவே ஒருவரைக் கருத வேண்டும் என்றது. சிறுநீரகம் பழுதானவள் ஆறு மாதத்தில் எழுந்து போவதில்லை.

திராட்சை ஊர்களில் நோயுற்ற பெண்கள் மலையடி ஊர்களில் படுத்திருந்தார்கள். அவரவர் வீட்டு உள்ளறையில், எழுதப்படக் காத்திருந்தார்கள்.

அன்று எசுத்தர் அடுத்த வீட்டுக்குச் சென்ற பின் நான் பூங்கொடியின் அருகே அமர்ந்தேன். தலைமாட்டில் சிறிய எவர்சில்வர் தம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. ஒரு பகலுக்கு மருத்துவர்கள் அவளுக்கு விதித்த நீர் அதில் மூன்று தடவை. அவள் அதை வாயில் வைத்துக் குடிக்கமாட்டாள். விரல் நனைத்து உதட்டில் தடவிக்கொள்வாள்.

"ஏன் ஆத்தா இவ்வளவு பிடிவாதம்? எந்த ஊரில் எழுதினால் என்ன?" என்றேன், அறிந்தே.

"கிட்னிக்கு ஒரு தமிழ் வச்சிருக்கீகளே அத்தை, என்னது அது?"

"சிறுநீரகம்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. அது வேலை செய்யலையே." சிரித்தாள். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "யாழினி அங்கன இருக்கால்ல அத்தை."

யாழினி அவள் மகள். ஆறாம் வகுப்பு. பெயரிட்டவள் நான்.

"பள்ளிக்கூடம் லீவு விட்டா அவ அப்பத்தா கூடப் பந்தலுக்குப் போகுதாம். பிஞ்சு கழிக்க. நான் நின்ன பந்தலு, நான் குடிச்ச மோட்டார்த் தண்ணி. எனக்கு எதுல வந்துச்சுன்னு ஒருத்தருஞ் சொல்லல. தண்ணியோ, மேல இருந்து சொட்டுற மருந்தோ, வெயில்ல ஒண்ணுக்குக்கூடப் போகாம அடக்கிக்கிட்டு நின்னதோ. எதா இருந்தாலும் அங்கனதான கெடக்கு? என்னைய இங்கன எழுதிட்டா இங்கனதான தேடுவாக?"

நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் சொன்னதைத்தான் அவள் கட்டிலில் கிடந்து சொன்னாள்.

நலமான வீடுகள்

வண்டியில் திரும்பும்போது எசுத்தரிடம் இதைச் சொன்னேன். அவர் முன்பே ஐயுற்றிருந்தார்.

"விதி நான் போட்டதில்ல மேடம். ஊருக்கு ஒரு விதி வச்சா, எந்த ஊரையும் எந்த ஊரோடயும் ஒப்பிட முடியாதுன்னு சொல்லுறாக. அதுவும் நியாயந்தான?"

நியாயந்தான். சிறிது தொலைவு சென்றபின் அவரே, "ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேப்போம். நோவு தெரியிறதுக்கு முன்ன எங்கன இருந்தீகன்னு. விடை தனியா இருக்கட்டும்," என்றார்.

அடுத்த கிழமை ஆற்றுப்பட்டிக்குப் போனோம். பந்தல்களில் அப்போதுதான் மயில்துத்த மருந்து அடித்திருந்தார்கள். இலைகளில் நீலம் படிந்திருந்தது. தூண் கற்களிலும், நின்ற பெண்களின் முக்காட்டிலும் நீலம். நிழல் குளிர்ச்சியாக இருந்தது. நாவில் மட்டும் செம்புக்காசை வைத்தாற்போன்ற சுவை நின்றது.

பூங்கொடியின் மாமியார் வெள்ளையம்மாள் எங்களைக் கண்டதும் கைகழுவி ஓடி வந்தார்.

"வாங்க மதினி, வாங்க டாக்டரம்மா. பன்னீர்த் திராட்சை தின்னுங்க. கடையில வாங்குனதில்ல, நம்ம பந்தலு."

எசுத்தர் திராட்சையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த வீட்டுல எத்தனை பேரு?"

"நானு, மகன், பேத்தி. மூணு பேரு. சாமி புண்ணியத்துல ஒரு நோவும் இல்ல."

"மருமகளை விட்டுவிட்டீர்களே மதினி?" என்றேன்.

"அவ எங்க போயிட்டா? தாய்வீட்டுல கெடக்கா. சொகமானா வந்துருவா. அவ சேலையெல்லாம் பீரோவுல மடிப்புக் கலையாம இருக்கு, வந்து பாருங்க."

"அப்படியென்றால் அவளை இந்த வீட்டில் எழுதலாமல்லவா?"

வெள்ளையம்மாள் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"அவளை எழுதுங்க மதினி, எங்க வீட்டுப் புள்ளதான். நோவை எழுதாதீக. ஆத்துப்பட்டிப் பந்தல்ல நோவுன்னு பேரு வந்துட்டா ஏவாரி ஒருத்தன் உள்ள வருவானா? ஊரே கெட்டுப்போகும்."

அப்போது யாழினி பந்தலிலிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் வெட்கத்தோடு கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நகக்கண்களில் நீலம்.

அன்று நாங்கள் நுழைந்த வீடுகளில் எல்லாம் அதே விடைதான். வீடு நிறைய நலம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நோயுற்றவர் ஒருவரும் அங்கே இல்லை.

சிவப்பு வண்ணம்

ஆய்வின் முதல் கணக்கெடுப்பு முடிந்தபோது நான் அஞ்சியபடியே வந்தது. நோய் வீதத்தில் மலையடி மேட்டுப்பட்டி உயர்ந்தும், ஆற்றங்கரையில் ஆற்றுப்பட்டி தாழ்ந்தும் நின்றன. எண்களை இங்கே எழுதமாட்டேன். அவை செய்த வேலை போதும். எசுத்தர் சேர்த்துக் கேட்ட கேள்வியின் விடைகளைத் தொகுக்கும் முன்பே, அந்தக் கணக்கெடுப்பின் ஒரு பக்கத்தை யாரோ படமெடுத்துக் கைப்பேசிகளில் பரப்பிவிட்டார்கள். 'மேட்டுப்பட்டித் தண்ணியைக் குடித்தால் கிட்னி போகும்' என்று அதன் தலைப்பில் எழுதியிருந்தார்கள்.

ஊர் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் சிவப்பு வண்ணம் பூசினார்கள். நீர் கொண்டுவரும் வண்டி ஒரு நாள் வந்தது, மறுநாள் வரவில்லை. பேசி முடித்திருந்த திருமணங்கள் நின்றன. தேநீர்க் கடையில் என் தம்பியின் முகத்துக்கு நேரே கேட்டார்கள்: "உன் மகளைக் கொண்டாந்து படுக்கவச்சு ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்துட்டியேப்பா." அவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். அதற்குப்பின் அந்தக் கடைக்குப் போகவில்லை.

எசுத்தர் சும்மா இருக்கவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு நோயுற்ற ஒவ்வொரு பெண்ணையும் மீண்டும் சென்று பார்த்தார். நலமாக இருந்தபோது எங்கே வாழ்ந்தாள், எந்த வேலை செய்தாள் என்று கேட்டு எழுதினார். நானும் அவரும் என் வீட்டு உணவு மேசையில் அமர்ந்து அவற்றைத் தொகுத்தோம். தொகுக்கத் தொகுக்க நோயாளிகள் ஒவ்வொருவராக மலையடியிலிருந்து எழுந்து ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போவதைப் போலிருந்தது. மேட்டுப்பட்டியை விட்டு நீங்காதவர்களிடம் அந்நோய் மிக அரிதாகவே இருந்தது.

காரணம் இன்னதென்று அதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. எசுத்தர் அதை எழுதி மேலே அனுப்பினார். மேலே போனது இன்னும் கீழே வரவில்லை.

"அது வந்தா அங்கன தண்ணியைச் சோதிப்பாகளா அத்தை?" என்றாள் பூங்கொடி.

"சோதிப்பார்கள்."

"யாழினி பெரியவளாகுறதுக்குள்ள வருமா?"

வராத விடுமுறை

காலாண்டு விடுமுறைக்கு யாழினியை அனுப்புமாறு தம்பி கேட்டான். மறுத்துவிட்டார்கள். நான் வெள்ளையம்மாளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கோவிச்சுக்கிறாதீக மதினி. அங்கன தண்ணி சரியில்லைன்னு கவுருமெண்டே சொல்லிருச்சு. பொம்பளப்புள்ள. தெரிஞ்சே எப்படி அனுப்புறது?"

முழுவதையும் விளக்கினேன். கண்மாய், மடை, முல்லையாறு, எதையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க படிச்சவுக. ஒங்க தம்பி மக மேல இருக்குற பாசத்துல கணக்கை இப்படியும் போடுவீக, அப்படியும் போடுவீக," என்றார். ஏளனம் இல்லை, என்மீது இரக்கமே இருந்தது. பேத்தியைக் காக்கவே அவர் அப்படிச் செய்தார். அந்த அன்பில் எனக்கு ஐயமில்லை.

அதன்பின் தாயும் மகளும் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டனர். பூங்கொடிக்கு மூச்சு வாங்கும். ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது ஒன்றையே சொல்வாள்: "தண்ணி நெறையக் குடிக்கணும் என்ன. வெயில்ல நின்னா நெறையக் குடி. அடக்காத." சொல்லிவிட்டுத் தம்ளரில் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொள்வாள்.

தேனிக்குக் குருதி தூய்மைப்படுத்தப் போய்வரும் நாள்களில் பேருந்து சின்னமனூரைக் கடக்கும்போது சன்னலோரம் மாறி உட்காருவாளாம். ஆற்றங்கரைப் பந்தல்கள் சற்று நேரம் தெரியும். தம்பி சொன்னான். பின்பு உட்கார்ந்து போக இயலாத நாள்கள் வந்தன.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவள் இறந்தாள். இறப்பைப் பதியத் தம்பியோடு நானும் சென்றேன். தலை கிடந்த ஊர் மேட்டுப்பட்டி. அப்படியே பதிந்தார்கள்.

நண்பகலில் ஆற்றுப்பட்டியிலிருந்து வண்டி வந்தது. மருமகன் இறங்கினார், வெள்ளையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினார், கடைசியாகப் பள்ளிப் பையோடு யாழினி இறங்கினாள். தாயின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நெடுநேரம் அழுதாள். விக்கல் எடுத்தது. என் தம்பி மனைவி சிவகாமி, தன் அழுகையை முந்தானையில் அடக்கிக்கொண்டு, ஒரு செம்பு நீரைப் பேத்தியிடம் நீட்டினாள்.

யாழினி செம்பைப் பார்த்தாள். அதைத் தொடாமல் பையைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தாள். அதில் விளிம்பு வரை நீர் இருந்தது.

"வேணாம் அம்மாச்சி. இங்கன தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அப்பத்தா சொல்லிருக்கு. எங்க ஊர்த் தண்ணி கொண்டாந்திருக்கேன்."

சிவகாமியின் கையில் செம்பு அப்படியே நின்றது. நான் அருகில் சென்று, குடிக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? எதை வைத்துச் சொல்வது? மேலே போன கணக்கு மேலேயே இருந்தது.

அவள் ஒரு மடக்குக் குடித்தாள். விக்கல் நின்றது. ஆனாலும் குப்பியை வாயிலிருந்து எடுக்கவில்லை. அண்ணாந்து, மூச்சு விடாமல், பாதிக் குப்பியைக் குடித்தாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"தண்ணி நெறையக் குடிக்கணும்னு அம்மா சொல்லும்."